கோவளம் எத்தனை பைட்?

கோவளம் கடற்கரையில் எடுத்த படமும் 'கோவளம்' என்ற படக்குறிப்பும் ஒரே வேண்டுகோளில் வெப் சர்வீசுக்குப் போக வேண்டுமா? மல்ட்டிபார்ட்தான் வழி. 1995-ல் ஆர்எஃப்சி 1867 சொன்னது. பகுதிகளுக்கு நடுவே பவுண்டரி என்று ஒரு வரி. கடைசி பவுண்டரிக்குப் பின்னால் மட்டும் கூடுதலாக இரண்டு சிறு கோடு. அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

ஆங்கிலத்தில் சோதித்தால் சமர்த்தாக ஓடும். தமிழில்தான் வம்பு! 'கோவளம்' கண்ணுக்கு 4 எழுத்து. துணைக்குறியும் புள்ளியும் தனி என்பதால் யூனிகோடில் 6. யூடிஎஃப்-8-ல் 18 பைட். எழுத்தை எண்ணி கன்டென்ட்-லெங்த்தில் போட்டால் 12 பைட் குறையும். சர்வர் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள, கடைசி பவுண்டரியின் வால் அறுந்துவிடும். பழி பாவம், தமிழ் எழுத்துருவுக்கு!

முதலில் பைட்டாக்கி, பிறகு எண்ண வேண்டும். மல்ட்டிபார்ட்டாக வரும் பதிலையும் பைட்டாகவே வெட்டி, படக்குறிப்பை மட்டும் எழுத்தாக்க வேண்டும். படத்தையும் சேர்த்து எழுத்தாக்கினால் கடற்கரை காலி.