ஊசி போட்ட இரவின் காய்ச்சல்

கொடிய நோயிலிருந்து மீண்டவர்கள் நேர்த்திக்கடனாகப் பாடைக்காவடி எடுக்கும் வலங்கைமான் ஊருக்கு, நோய் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் "நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஊசி போட்டுக் காய்ச்சலை வரவழைப்பானேன்?" என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்விதான். குழந்தை பிறந்து 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் கக்குவான் இருமலின் கிருமி, கொல்லப்பட்ட நிலையில் முழுதாகவே இருக்கிறது. உடல் அதை அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகும்போதுதான் காய்ச்சலும் தொடை வீக்கமும் சிணுங்கலும் வருகின்றன. பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். உண்மையான கக்குவான் இருமலோ வாரக்கணக்கில் நீடித்து, கைக்குழந்தையின் மூச்சையே நிறுத்தக்கூடியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

காய்ச்சலே வராவிட்டால் ஊசி பலிக்கவில்லை என்பதும் தவறு. தாய்ப்பாலும், செவிலியர் எடை பார்த்துச் சொல்லும் அளவு பாராசிட்டமாலும் போதும்; வீங்கிய இடத்தைத் தேய்க்க வேண்டாம். வலிப்பு, மூன்று மணி நேரம் ஓயாத அழுகை, பால் குடிக்காத சோர்வு ஆகியவை அரிது; வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.