அலையா, முரசா?

சீனாவில் ஹாங்சோ நகரம். சியாண்டாங் ஆற்றங்கரையில் லியுஹே கோபுரம். வெளியே நின்று எண்ணினால் 13 அடுக்கு. உள்ளே ஏறினால் ஏழேதான்! பி.காம். மூளைக்கு டாலி ஆகவில்லை.

கடலிலிருந்து ஆற்றுக்குள் சீறிவரும் ராட்சச அலையை அடக்க, கி.பி. 970-ல் கட்டினார்களாம். அலை அடங்கவில்லை. ஒரு முரடன் அடங்கினான்.

'நீர்க்கரை' என்ற பழைய சீன நாவலின் லூ ஜீஷென். ஓர் ஏழைப் பெண்ணுக்காகக் கறிக்கடைக்காரனை மூன்றே குத்தில் கொன்றுவிட்டு, தப்பிக்க மொட்டை போட்டுச் சாமியாரானவன். அப்புறமும் குடி, கறி, அடிதடி!

கடைசிப் போர் முடிந்து இங்கே தங்குகிறான். பௌர்ணமி ராத்திரி. 'டமடம' சத்தம். போர் முரசென்று தடியோடு பாய்கிறான். அலைதான் என்று துறவிகள் விளக்க, 'அலையைக் கேட்டால் யுவான்ஜி' என்று குரு எப்போதோ சொன்னது உறைக்கிறது. அப்படின்னா என்னவென்று அவர்களையே கேட்கிறான். சாவு என்கிறார்கள். சிரித்தான். வெந்நீர் கேட்டுக் குளித்தான். சம்மணமிட்டு உட்கார்ந்தான். போய்விட்டான்.

ஆயுசு முழுக்க அடித்தவனுக்குப் பயமே இல்லை, பாருங்கள்!

மேலே நின்று ஆற்றைப் பார்த்தேன். செல்போன் அலறியது. ஆபீஸ்! வழக்கமாகப் போர் முரசுதான். 'அட, அலைதானே' என்று விட்டுவிட்டேன்.

பத்தே நிமிஷம். அப்புறம் நானே கூப்பிட்டு, "ஸாரி சார்..."