படுத்திருக்கும் ஷாக் அப்சார்பர்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடான ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர், அதிலும் பழையதொன்றின் அடியில் குனிந்து பார்த்தால் ஒன்று கண்ணை உறுத்தும். காரோ லாரியோ பைக்கோ, பெரும்பாலானவற்றில் ஷாக் அப்சார்பர் நிமிர்ந்தோ கொஞ்சம் சாய்ந்தோதான் நிற்கும். இங்கே அது சக்கரத்துக்குப் பக்கத்தில் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. அமெரிக்காவில் நான் வாங்கிய 1960களின் ஏர்ஸ்ட்ரீம் ஓவர்லேண்டர் வண்டிக்குப் புது ஷாக் தேடியபோது உதிரிபாகக் கடைக்காரர் எச்சரித்ததும் இதைத்தான்: “நீளம் சரியாக இருக்கிறதென்று எதையாவது வாங்கிப் போய்விடாதீர்கள். படுக்கை நிலையில் வேலை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.”

படுத்தால் ஏன் வேலை செய்யாது? அப்படியிருக்க, அதைப் படுக்க வைத்தது யார்? இந்த இரண்டு கேள்விகளும் என்னைப் பழைய காப்புரிமை ஆவணங்களுக்குள் இழுத்துக்கொண்டு போயின.

முதலில் பழையதைக் கழற்றினேன். இந்த வண்டியில் அச்சுக் குழாயின் அடியில் ஜாக்கி கொடுக்கக் கூடாது, குழாய் வளைந்துவிடும். சட்டத்தோடு சேர்ந்த தகட்டில்தான் கொடுக்க வேண்டும். நட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகே அசைந்தன. வெளியே வந்த ஷாக்கின் உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. தண்டை அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று.

இதன் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஆனால் வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது, திருப்பித் தந்துகொண்டே இருக்கும். வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் கரைத்துவிடுவதுதான் ஷாக்கின் பணி.

இந்த யோசனை எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போனால், 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், பிரான்சில், ஒரு சைக்கிளில் போய் நிற்கிறோம். த்ருஃபோ என்பவர் தம் சைக்கிளின் முன் கவைக்கு ஸ்பிரிங் வைத்து, அதன் துள்ளலை அடக்க உராய்வைப் பயன்படுத்தினார். 1904இல் ஜெர்மனியில் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தில் லெயோன் தெரி வென்ற ரிஷார்-பிராசியே காரில் த்ருஃபோவின் சாதனம் இருந்தது. எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து உற்பத்தி செய்தார்.

உராய்வுக்கு ஒரு குறை உண்டு. அசையத் தொடங்கும் முன்புதான் அதன் பிடி மிக அதிகம். சின்னக் குலுக்கலுக்கு முரண்டு பிடிக்கும், பெரிய அடிக்கு விட்டுக்கொடுக்கும். வேண்டியதோ இதற்கு நேர்மாறானது. அதைத் தந்தது எண்ணெய். மோரிஸ் உதாய் என்ற பிரெஞ்சுக்காரர் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பாயவிட்டார். மெதுவாகத் தள்ளினால் எண்ணெய் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் எதிர்த்து நிற்கும். ஃபோர்டின் மாடல் ஏ காரில் வந்தது இந்த வகைதான். பிறகு நாம் இன்று பார்க்கும் நீள்குழல் வடிவம் வந்தது.

கடைக்காரரின் எச்சரிக்கைக்கு விடை இந்த நீள்குழலுக்குள் இருக்கிறது. சாதாரண ஷாக்கில் குழாய்க்குள் குழாயாக இரண்டு உண்டு. உள்குழாயில் பிஸ்டன் ஓடும். வெளிக்குழாயில் எண்ணெய்க்கு மேலே காற்று நிற்கும். நிமிர்த்தி வைத்திருக்கும்வரை காற்று மேலேயே இருக்கும். படுக்க வைத்தால் அந்தக் காற்று அடிவால்வு வழியாக உள்குழாய்க்குள் புகுந்துவிடும். அப்புறம் பிஸ்டன் தள்ளுவது எண்ணெயை அல்ல, நுரையை. நுரைக்கு எதிர்க்கும் சக்தி ஏது?

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் கிறிஸ்டியான் பூர்சியே த கார்போன். 1950களில் அவர் உருவாக்கிய ஷாக்கில் ஒரே குழாய்தான். அதில் எண்ணெய்க்கும் அழுத்தமேற்றிய வாயுவுக்கும் நடுவே மிதக்கும் பிஸ்டன் ஒன்றை வைத்தார். இரண்டும் கலக்க வழியே இல்லை. நிமிர்த்தலாம், படுக்க வைக்கலாம், தலைகீழாகவும் மாட்டலாம். பில்ஸ்டைன் நிறுவனம் அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்று மெர்சிடிஸ் கார்களுக்குக் கொண்டுசென்றது. என் வண்டிக்கு வந்ததும் வாயு அடைத்த ஷாக்தான். அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் தண்டு தானாகவே மெல்ல வெளியே வரும்.

ஷாக்கைப் படுக்க வைத்தது யார் என்ற இரண்டாவது கேள்விக்கான விடை 1961ஆம் ஆண்டில் நடந்த ஒரு மாற்றத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஏர்ஸ்ட்ரீம், கமான் பட்டையைக் கைவிட்டு ஹென்ஷென் நிறுவனத்தின் டூரா-டார்க் அச்சுக்கு மாறியது. இரும்புக் குழாய்க்குள் ஒரு கம்பி, இரண்டுக்கும் இடையே இறுக்கி அடைத்த ரப்பர். கம்பியின் முனையிலிருந்து பின்னோக்கி நீளும் கையில் சக்கரம் இருக்கும். பள்ளத்தில் இறங்கிக் கை மேலெழும்போது கம்பி திரும்பும், ரப்பர் நசுங்கும். ஸ்பிரிங் அதுவே. ரப்பரைக் குழாய்க்குள் அடைக்கும் இந்தத் தத்துவத்துக்குக் காப்புரிமைகள் பெற்றவர் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் நைட்ஹார்ட். இந்தத் தாழ்வான அமைப்பில் ஷாக்கை நிமிர்த்தி வைக்க உயரம் கிடையாது. அதனால் கையோடு ஒரு முனையும் சட்டத்தோடு மறுமுனையுமாகப் படுக்க வைத்துவிட்டார்கள்.

ரப்பர் எஃகைப் போல் வாங்கியதை அப்படியே திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கைத் தானே வெப்பமாக்கிவிடும். ஆகவே இந்த அச்சு தன் ஆட்டத்தைத் தானே கொஞ்சம் அடக்கிக்கொள்ளும். அப்படியானால் ஷாக் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அதற்கான பதில் வண்டிக்குள் கிடைத்தது.

ஏர்ஸ்ட்ரீமின் உடல் விமான வம்சம். அதன் முன்னோடியான ரோட் சீஃப் டிரெய்லரை 1934இல் செய்த ஹாலி போலஸ், லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானம் உருவான தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த வழியிலேயே ஏர்ஸ்ட்ரீமின் நிறுவனர் வாலி பயம் 1936இல் கிளிப்பர் டிரெய்லரைக் கொண்டுவந்தார். மெல்லிய அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த கூடு அது. பாரத்தைத் தாங்குவதில் தோலுக்கும் பங்குண்டு. இத்தகைய உடலுக்கு ஓயாத குலுக்கல்தான் எதிரி. ஒரே பெரிய அடியால் அது சாவதில்லை. ஒவ்வொரு ரிவெட்டாகத் தளர்ந்து, தலை அறுந்து விழும். என் வண்டியிலும் உள்சுவர் ரிவெட்டுகள் தரையில் கிடந்தன, அலமாரித் திருகுகள் கழன்றிருந்தன.

காரில் ஷாக் தேய்ந்தால் நம் முதுகே சொல்லிவிடும். டிரெய்லர் ஓடும்போது உள்ளே ஆளில்லை. முன்னால் காரில் இருக்கிறவருக்கு எதுவும் தெரிவதில்லை. ஊர் போய்ச் சேர்ந்து கதவைத் திறக்கும்போதுதான் சேதம் தெரியும். படுத்திருக்கும் அந்த ஷாக் யாருடைய சொகுசுக்காகவும் வைக்கப்பட்டதல்ல. வாய் திறந்து முறையிட முடியாத ரிவெட்டுகளுக்காக வைக்கப்பட்டது.

ஆகவே பழைய ஏர்ஸ்ட்ரீம் வைத்திருப்பவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்வது இதுதான். ஷாக்கை மாற்றுவதற்கு முன் அச்சின் கையைப் பாருங்கள். வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது கை சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது, புது ஷாக் பலன் தரும். மேல்நோக்கித் திரும்பியிருந்தால் ரப்பர் இறுகிவிட்டது. சக்கரம் அசையாத இடத்தில் எவ்வளவு நல்ல ஷாக்காலும் அடக்குவதற்கு எதுவும் இருக்காது. அந்த ரப்பரை வீட்டில் மாற்ற முடியாது, முழு அச்சையும்தான் மாற்ற வேண்டும். செலவு அதிகம்தான். ஆனாலும் த்ருஃபோவின் சைக்கிளில் தொடங்கி நைட்ஹார்ட்டின் ரப்பர்வரை இத்தனை பேர் அறிவைச் செலவிட்டு உண்டாக்கிய பாதுகாப்பு அது. அதைக் குறையில்லாமல் வைத்திருந்தால், அரை நூற்றாண்டு கடந்த அலுமினியக் கூடு இன்னொரு அரை நூற்றாண்டு ஓடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.