ஆறாகிப் போன ஏழு சீர்



திருப்பதி புகைவண்டி நிலையத்தில் நமக்கு எழுத்தர் பணி, இல்லம் சித்தூரில். பிழைப்பை நாடி வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்குக் குடிவந்து பத்தாண்டுகள் ஆகின்றன. நம் மகள் பள்ளியில் பயில்வன தெலுங்கும் ஆங்கிலமும். தமிழ் எழுத்தை அவள் கற்றது நம் அன்னையாரின் மடியில்தான். அன்னையாருக்கோ இப்போது பார்வை மங்கிவிட்டது. ஆகவே, நாள்தோறும் திருக்குறளில் ஓர் அதிகாரத்தைப் பேத்தி படிக்க ஆயா கேட்பதென்று இல்லத்தில் ஏற்பாடு செய்தோம். எழுத்துக் கூட்டிப் படிப்பவளுக்குப் பெரிய எழுத்தில் நாளொரு தாள் வேண்டியிருந்தது.

சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை அன்பர்கள் அறிவீர்கள். உலகெங்குமுள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிய நூல்கள் அங்கே இணையப் பக்கங்களாக இருக்கின்றன. திருக்குறளும் உண்டு. அப்பக்கத்தை நிரல் மூலம் தருவித்து, அதிகாரம் அதிகாரமாகப் பிரித்து அச்சிடக் கருதினோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நாம், ஓய்வு நாள்களில் பைத்தான் மொழியைச் சிறிது கற்றிருந்தோம்.

முதலில் எழுதிய நிரல், அதிகாரத்துக்கு ஒரு முறையாக அதே பக்கத்தை 133 முறை கேட்டது. ஒரே பார்சலுக்காக 133 முறை வந்து நிற்பவரை நம் அலுவலகத்தில் என்ன சொல்வோம்? தொண்டால் நடக்கும் பணிக்கு நாம் அச்சுமையைத் தரலாமா? வெட்கினோம். ஒரே முறை தருவித்துக் கோப்பாக வைத்துக்கொண்டு, அதிலிருந்தே பிரிப்பதென்று திருத்தினோம்.

வந்ததோ தமிழாக இல்லை. வெறும் கிறுக்கலாக இருந்தது. யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு உண்டு. நாமோ பைட்டுக்கு ஓரெழுத்தென்று கொள்ளும் மேனாட்டு முறையை நிரலில் குறித்திருந்தோம். அதனால் 'க' என்னும் ஓரெழுத்து மூன்று கிறுக்கல்களாயிற்று. முறையின் பெயரை மாற்றியதும் தமிழ் தெரிந்தது.

பார்சலில் கட்டிய சீட்டுகளைப் போல, எச்.டி.எம்.எல். பக்கத்தில் தலைப்பு இன்னது, பத்தி இன்னது, வரி இங்கே முறிகிறது என்று குறிகள் இருக்கும். அவற்றையெல்லாம் நீக்கித் தாளை அச்சிட்டோம். அன்று மாலை மகள் படிக்கலானாள். இரண்டாம் குறளில் அன்னையார் நிறுத்தினார்.

“குறளுக்கு ஏழு சீர் அன்றோ, கண்ணு? நீ ஆறுதானே படிக்கிறாய்?”

“தாளில் இப்படித்தான் இருக்கிறது, ஆயா. அப்பா அச்சடித்தது.”

தாளை வாங்கிப் பார்த்தோம். பிழை நம்முடையதே. முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. இரண்டுக்கும் நடுவேயிருந்த வரிமுறிவுக் குறியை, அதனிடத்தில் ஓர் இடைவெளியும் விடாமல் நம் நிரல் அழித்திருந்தது. நான்காம் சீரும் ஐந்தாம் சீரும் ஒட்டிக்கொண்டன. கையால் எழுதுபவன் ஓரிடத்தில் தவறுவான்; நிரல் தவறினால் 1330 குறளிலும் தவறும். அன்னையார் மட்டும் அருகில் இல்லையெனில், நம் மகள் அப்பாவை நம்பி அத்தனையையும் அப்படியே மனப்பாடம் செய்திருப்பாள்.

அழிக்கும் குறிக்கு ஈடாகப் புதுவரி இடச் செய்தோம். ஒவ்வொரு குறளிலும் சீர்களை எண்ணி, ஏழு வராதவற்றைத் தனியே காட்டவும் செய்தோம். அவற்றை அன்னையாருக்குப் படித்துக் காட்டித் தீர்த்துக்கொண்டோம்.

நம் போன்று வெளியூரில் வாழும் இல்லத்தார் பலர், பிள்ளைகளுக்காக இவ்வாறு நூல்களைத் தருவிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒரு முறை மட்டும் கேளுங்கள். எழுத்து முறையை அறிந்து திறவுங்கள். பிள்ளையின் கையில் கொடுக்குமுன் எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் மகள் புதிய தாளைப் படித்தாள். அன்னையார் கண்ணை மூடி, விரல் மடித்து எண்ணிக்கொண்டே கேட்டார். ஏழாம் விரல் மடங்கியதும், “மேலே படி” என்றார்.