பிடில்காரர் காத்த பெயர்

பதினேழு வயதில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி, "முன்னாடி இருந்த பையன் பேரு மணி. வாய்க்குப் பழகிடுச்சு, உன்னையும் மணின்னே கூப்பிடறேன்" என்றார். தலையாட்டினேன். ஒரு மாதத்தில், தெருவில் யாராவது மணி என்றால் கால் தானாக நின்றது.

பல வருடங்கள் கழித்து 'ரூட்ஸ்' தொடரைப் பார்த்தபோது அந்தக் கடை ஞாபகம் வந்தது. அலெக்ஸ் ஹேலியின் நாவலைத் தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று படித்திருப்பீர்கள். அதை வைத்து எடுத்த தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1977 ஜனவரி 23 முதல் 30 வரை, தொடர்ந்து எட்டு இரவுகள் ஓடியது. காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்து இளைஞன் குண்டா கிண்டேயைப் பிடித்துக் கப்பலேற்றி விற்கிறார்கள். வாங்கியவர்கள் வைத்த பெயர் டோபி.

தப்பி ஓடிப் பிடிபட்டவனை மற்ற அடிமைகளின் கண்முன் கையைக் கட்டித் தொங்கவிட்டுச் சாட்டையால் அடிக்கிறார்கள். உன் பெயர் என்ன? குண்டா. மறுபடி சாட்டை. மறுபடி அதே கேள்வி. நடித்த லெவார் பர்ட்டனுக்கு அப்போது 19 வயதுதான்.

கவரிமான் கதை கேட்டு வளர்ந்தவன் நான். உயிரே போனாலும் சொல்லமாட்டான் என்று காத்திருந்தேன். கடைசியில் தலை தொங்க, டோபி என்று முனகிவிட்டான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்து வந்ததுதான் காட்சி. கட்டவிழ்த்ததும் மடியில் தாங்கிக்கொள்கிறவர் ஒரு பெரியவர். லூயிஸ் காசெட் ஜூனியர் நடித்த பாத்திரம். அதற்கு எம்மி விருதும் வாங்கினார். எல்லோருக்கும் அவர் வெறும் பிடில்காரர். வாசிக்கிற வாத்தியமே பெயராகிப்போன மனிதர். குண்டாவைப் பழக்கி டோபியாக்கும் வேலையை எஜமான் ஒப்படைத்திருந்ததும் அவரிடம்தான். அந்த மனிதர் அவனிடம், அவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் நீ குண்டாதான் என்கிறார்.

மானத்தை ஒருவன் தனியாகவே காத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முதுகுத்தோல் உரிந்து கிடப்பவனால் அது முடியாது. அந்த நேரத்துக்கு வேறொருவர் அதை வாங்கி வைத்திருந்து, அவன் எழுந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். பின்னால் பாதத்தையே வெட்டிய பிறகும், குண்டா தன் மகள் கிஸ்ஸியிடம் அந்தப் பெயரைச் சேர்த்துவிடுகிறான்.

காம்பியா ஆற்றில், அடிமைகளைக் கப்பலேற்றிய ஆங்கிலேயர் கோட்டை இருந்த தீவு ஒன்று உண்டு. பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஜேம்ஸின் பெயர் அதற்கு. 2011இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, குண்டா கிண்டே தீவு என்று மாற்றினார்கள்.

அந்தச் சாட்டையின் பக்கத்தில் என் ஜவுளிக்கடையை வைக்கவே கூடாது, தெரியும். ஆனால் அங்கேயும் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். அதிகம் பேசமாட்டார். முதலாளி 'மணி' என்றே எழுதச் சொல்லியிருந்தும், சம்பள நோட்டில் என் சொந்தப் பெயரை, அப்பாவின் இனிஷியலோடு, குண்டு குண்டாக எழுதியிருந்தார். மாதம் ஒருமுறை அதன் எதிரே கையெழுத்துப் போடச் சொல்லி, காயும்வரை நோட்டைத் திறந்தே வைத்திருப்பார்.