பட்டரவாக்கத்துல இறங்குங்க... லேசர் பிடிக்கலாம்!

ஃபைனல் இயர் வந்துட்டா காலேஜ் கேன்டீன்ல ஒரே கேள்விதான் ஓடும். "மச்சி, ப்ராஜெக்ட் எங்கே வாங்கப் போறே?" கவனிச்சீங்களா பாஸ்... 'என்ன பண்ணப் போறே' இல்லை, 'எங்கே வாங்கப் போறே'! பணத்தைக் கட்டினா மெஷின், ரிப்போர்ட், பைண்டிங், வைவாவுக்கு நாலு கேள்வி பதில்னு பேக்கேஜா கொடுக்க ஆள் இருக்காங்க. மெஷின் ஓடும். ஆனா எக்ஸ்டர்னல் வந்து, "இது ஒரு மில்லிமீட்டர் நகரணும்னா மோட்டார் எத்தனை ஸ்டெப் போடணும்?"னு கேட்டா, நாம ஜன்னலுக்கு வெளியே காக்காயைப் பார்க்க வேண்டியதுதான்!

சரி, வாங்கறதுக்குப் பதிலா செஞ்சே பார்த்தா என்ன? கம்ப்யூட்டர்ல வரைஞ்சதை அக்ரிலிக்லயும் பிளைவுட்லயும் அப்படியே வெட்டிக் கொடுக்கற லேசர் கட்டர். அதைக் கத்துக்க சென்ட்ரல்ல ஆவடி லோக்கல் ட்ரெயின் ஏறினாப் போதும். வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

ஒரே வருஷம், ரெண்டு பிறந்த நாள்

பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர் தாண்டினதும் வர்ற சின்ன ஸ்டேஷன் பட்டரவாக்கம். பேருக்கும் பட்டறைக்கும் சம்பந்தம் இருக்கோ இல்லையோ, இங்க இறங்கி நடந்தா அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரியாவுல 'எஸ்டேட்'னுதான் சொல்வாங்க. தேயிலையைத் தேடாதீங்க... இங்க விளையறது நட்டும் போல்ட்டும்!

1958-ல கிண்டியில தொழிற்பேட்டை வந்துச்சு. அடுத்து 1964-ல அம்பத்தூர். அப்போ தொழில் அமைச்சரா இருந்தவர் ஆர்.வெங்கட்ராமன். 1987-ல ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்.

அதே 1964-ல, அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஒருத்தர் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவுல இருந்து லேசர் கதிரை வரவழைச்சுக் காட்டினார். யாருன்னு நினைக்கறீங்க? குமார் படேல். மகாராஷ்டிராவுல பாராமதியில பிறந்து, புனே இன்ஜினீயரிங் காலேஜ்ல படிச்சவர். அப்போ அவருக்கு வயசு 25, 26தான். இன்னிக்கு அக்ரிலிக் நேம் போர்டு வெட்டற மெஷின்கள்ல பெரும்பாலும் ஓடறது இவரோட லேசர்தான். 1967-ல இங்கிலாந்துல பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட்ங்கறவர் லேசரோட ஆக்ஸிஜனையும் சேர்த்து ஊதி இரும்புத் தகட்டையே வெட்டிக் காட்டினார். லேசர் கட்டிங் அங்கிருந்து ஃபேக்டரிகளுக்குள்ள வர ஆரம்பிச்சது.

எஸ்டேட்டுக்குள்ள நடந்தா இந்தக் கதையோட மிச்சம் கண்ணு முன்னாடி ஓடும். ஒரு ஷெட்ல லேத், பக்கத்துல மில்லிங், எதிர்ல பவுடர் கோட்டிங். காத்துல கூலன்ட் வாசம். நடுநடுவுல கண்ணாடி பளபளக்கற ஐ.டி. கட்டடங்கள். டீக்கடை பெஞ்சுல ஐ.டி. டேக் மாட்டினவரும், கையில கிரீஸ் ஒட்டினவரும் ஒண்ணா வடை சாப்பிடுவாங்க. இங்க இருக்கற உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பேர் 'ஐமா'. நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல நடக்கற 'ஆக்மி' மெஷின் டூல் கண்காட்சி இவங்க நடத்தறதுதான். அடுத்த தடவை வரும்போது மிஸ் பண்ணாதீங்க.

மெஷினுக்குள்ள என்னதான் இருக்கு?

பயப்படாதீங்க, மூணே விஷயம். வெளிச்சம், நகர்வு, மூளை.

வெளிச்சம்: 40 வாட் கண்ணாடி டியூப், ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளம். அதுல இருந்து கிளம்பற கதிர் மூணு கண்ணாடியில பட்டுத் திரும்பி, ஒரு லென்ஸ் வழியா ஊசிமுனை மாதிரி குவிஞ்சு கீழே விழும். அந்த இடம் ஆவியாகும். அவ்வளவுதான் 'கட்டிங்'. டியூபைச் சுத்தித் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். அந்தத் தண்ணி 25 டிகிரிக்குக் கீழே இருந்தா நல்லது. நம்ம ஊர் மே மாசத்துல மொட்டை மாடி டேங்க் தண்ணி டீ போடற சூட்டுல வருமே... அதனால வாளித் தண்ணிக்குள்ள ஐஸ் பாக்கெட்டை மிதக்க விடறது உண்டு.

நகர்வு: ரெண்டு பக்கமும் ஓட ஸ்டெப்பர் மோட்டார், பல் வெச்ச பெல்ட். மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப். டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 துண்டாக்கும். ஆக 3,200. பெல்ட்டுல பல்லுக்குப் பல் 2 மி.மீ., புல்லியில 20 பல். ஒரு சுத்துக்கு 40 மி.மீ. நகரும். 3,200-ஐ 40-ஆல வகுங்க... 80! எக்ஸ்டர்னல் கேட்ட கேள்விக்கு விடை கிடைச்சிடுச்சா?

மூளை: ஆர்டுயினோ போர்டு. அதுல ஓடற 'ஜி.ஆர்.பி.எல்.' சாஃப்ட்வேரை 2009-ல ஆரம்பிச்சவர் நார்வேக்காரர் சிமன் ஸ்கோக்ஸ்ரூட். ஓப்பன் சோர்ஸ், அதனால காசு கிடையாது. 'இங்கிருந்து அங்க போ, இந்த வேகத்துல போ'ன்னு கம்ப்யூட்டர் அனுப்பற வரிகளைப் படிச்சு மோட்டாரை ஓட்டும். போர்டு, மோட்டார், டிரைவர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு மதியத்துல வாங்கிடலாம்.

"டிராயிங் எங்கே தம்பி?"

ஆனா ஃபிரேமும், கண்ணாடியைப் பிடிக்கற ஸ்டாண்டும், பேரிங் உட்கார்ற பிளாக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்காது. அதுக்குத்தான் இந்த எஸ்டேட். லேத் பட்டறையில போய் நின்னு, "அண்ணா, இந்த மாதிரி ஒண்ணு வேணும்"னு கையால காத்துல வரைஞ்சு காட்டினா, முதல் கேள்வியே, "டிராயிங் எங்கே தம்பி?"ன்னுதான் வரும்.

டிராயிங்கை நீட்டறீங்க. 12 மி.மீ. ராடுல ஓடற பேரிங், வெளி விட்டம் 21 மி.மீ. அதனால துளையும் 21-னு போட்டிருக்கீங்க. டர்னர் அண்ணா கண்ணாடியை மூக்குல இறக்கிட்டு, "பிரஸ் ஃபிட்டா, ஸ்லைடிங்கா?"ன்னு கேட்பார். செகண்ட் இயர்ல 'லிமிட்ஸ், ஃபிட்ஸ், டாலரன்ஸ்'னு ஒரு பாடம் வந்து, மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்தோமே... அது இதுதான். 21-க்கு மேல எவ்வளவு, கீழே எவ்வளவுன்னு நீங்க முடிவு பண்ணணும். லூஸா இருந்தா தலை ஆடி, வெட்டற வட்டம் முட்டையாகும். ரொம்ப இறுக்கினா பேரிங் நசுங்கி, ஓட்டமே பிடிக்கும். தலைமுடி கனத்துக்கும் குறைவான அளவுதான் ஜெயிப்பையும் தோல்வியையும் தீர்மானிக்குது. ப்ராஜெக்ட் பேக்கேஜ்ல இந்தக் கேள்வி வராது. ஏன்னா, அதுல இதை யாரோ உங்களுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க.

சில டிப்ஸ். ஒரே ஒரு பீஸ் வேலைக்கு லேத்தை செட் பண்றது அவங்களுக்கு நேர விரயம். அதனால ஆர்டர் பரபரப்பு இல்லாத நேரமாக் கேட்டுட்டுப் போங்க. டிராயிங்ல எல்லா அளவும் மி.மீ.ல இருக்கட்டும். பேரம் பேசலாம், ஆனா நக்கல் பண்ணாதீங்க. வேலை நடக்கும்போது வெர்னியரை எங்கே வெச்சு அளக்கறார்னு பாருங்க. ஃபிரேமுக்கு அலுமினியம் வேணுமா? காயலாங்கடையை எட்டிப் பார்த்துட்டு அப்புறம் புதுசு வாங்குங்க.

இரும்பு பிராக்கெட் வேணும்னா எஸ்டேட்ல லேசர் ஜாப் வொர்க் பண்றவங்ககிட்ட கம்ப்யூட்டர் டிராயிங்கைக் கொடுங்க. அங்க இருக்கறது ஆயிரக்கணக்கான வாட் ஃபைபர் லேசர். இரும்பை வெண்ணெய் மாதிரி வெட்டும். உங்க 40 வாட்கிட்ட அதை எதிர்பார்க்காதீங்க. ஒரு லேசர் இன்னொரு லேசருக்கு உடம்பு செஞ்சு கொடுக்குது, அழகுல்ல?

ஆவடியில ஒரு கட்டுக்கதை

மறுபடி ட்ரெயின். அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி. 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டெப்போ ஆஃப் இந்தியா'ங்கறதோட சுருக்கம்தான் ஆவடின்னு ஃப்ரெண்டு யாராவது சொல்லியிருப்பாங்க. நம்பாதீங்க! டாங்க் ஃபேக்டரி வந்தது 1961-ல. 1955-லயே இங்க காங்கிரஸ் மாநாடு நடந்து, 'ஆவடி தீர்மானம்'னு பேரே வந்துடுச்சு.

1965-ல இந்த ஃபேக்டரியில இருந்துதான் விஜயந்தா டாங்க் உருண்டு வெளியே வந்துச்சு. 2021 அக்டோபர்ல இருந்து ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் நிறுவனத்துல இது சேர்ந்திருக்கு. உள்ளே விட மாட்டாங்க, கேட் பக்கம் கேமராவை நீட்டாதீங்க. இந்தப் பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு ஃபிட்டர், டர்னர், வெல்டர் குடும்பங்கள் இருக்கறதுக்கு ஆவடி, அம்பத்தூர், பாடி ஃபேக்டரிகள்தான் காரணம். உங்க கிளாஸ்மேட்டோட அப்பாவே ரிட்டயர்டு ஃபிட்டரா இருக்கலாம். விசாரிச்சுப் பாருங்க!

அங்கிருந்து பருத்திப்பட்டு வழியா பஸ்ல பூந்தமல்லி. இந்த ரோட்டைச் சுத்தி இன்ஜினீயரிங் காலேஜுக்குப் பஞ்சமே இல்லை. பாகங்களை ஹாஸ்டல் ரூம்ல கோக்காதீங்க, காலேஜ் வொர்க்‌ஷாப்லயே கோருங்க. ஏன்னு சொல்றேன்.

கண்ணு ரெண்டுதான் பாஸ்!

இந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. கருவிழியைச் சுட்ட பிறகுதான் தெரியும். அதனால முழுசா மூடின பெட்டி வேணும். மூடியைத் திறந்தாலே லேசர் அணையற சுவிட்ச் கட்டாயம். டியூப் இல்லாம சின்ன நீல டயோடு லேசர் போட்டாலும் ஆபத்து குறையாது. அது நேரா விழித்திரைக்கே போகும். எந்த லேசரோ, அதோட அலைநீளத்துக்கான கண்ணாடியைத்தான் மாட்டணும். பிளாட்ஃபாரக் கூலிங்கிளாஸ் போட்டா ஸ்டைலா இருக்கும், அவ்வளவுதான்.

டியூபுக்குப் போற மின்சாரம் 20 ஆயிரம் வோல்ட் வரைக்கும் எகிறும். ஸ்விட்சை அணைச்ச பிறகும் உள்ளே மிச்சம் நிக்கும். எர்த் இல்லாம தொடவே தொடாதீங்க, லெக்சரர் பக்கத்துல இருக்கட்டும். பி.வி.சி., ரெக்ஸின் ரெண்டையும் வெட்டக் கூடாது. வர்ற குளோரின் புகை உங்க நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும். புகையை வெளியே தள்ள ஃபேன், கைக்கு எட்டற தூரத்துல தீயணைப்பான். மெஷின் ஓடும்போது டீ குடிக்கப் போறதெல்லாம் வேண்டாம்.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு டெஸ்ட். 100 மி.மீ. சதுரம் ஒண்ணை வெட்டுங்க. ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. ரெண்டும் 141.4 வந்தா ஃபிரேம் நேரா நிக்குதுன்னு அர்த்தம். ஒண்ணு கூடி, ஒண்ணு குறைஞ்சா ஃபிரேம் சாஞ்சிருக்கு. ஸ்க்ரூவைத் தளர்த்தி, தட்டி, மறுபடி வெட்டுங்க. நாலு தடவையோ, நாற்பது தடவையோ ஆகட்டும். பரவாயில்லை.

அந்தச் சதுரத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பேனாவால தேதியும், உங்க டீம் பேரும் எழுதி ரெண்டு வெட்டி வெச்சுக்கங்க. ஒண்ணு வைவா மேஜைக்கு. இன்னொண்ணு அந்த டர்னர் அண்ணாவுக்கு. அவர் வாங்கினதும் வெர்னியரை எடுத்து அளந்து பார்ப்பார். அங்க கிடைக்கற மார்க்தான் முதல் மார்க்!