மெய்ப்புப் பார்ப்பவரின் மேசை

டிசம்பர் பிறந்துவிட்டால் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் புத்தக வேலை செய்கிறவர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. 1977இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியைக் குறிவைத்தே பல நாவல்கள் அச்சுக்குப் போகின்றன. அந்த நெருக்கடிக்கு நடுவில் ஒரு பதிப்பாள நண்பரிடம், புதிதாகக் கதை எழுத வருகிறவர்கள் யாரிடம் பாடம் கேட்கலாம் என்று விசாரித்தேன். “எங்க புரூப் ரீடரைப் போய்ப் பாருங்க. அவர் அளவுக்கு நாவல் படிச்சவங்க ஊர்ல யாரும் இல்ல” என்றார்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்து. மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோர மேசையில் ஒரு நாவலின் தாள்கட்டு, சிவப்பு மைப் பேனா, பென்சில், ஒரு கறுப்பு அட்டை. அட்டையின் நடுவே ஒரேயொரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாக வெட்டியிருக்கிறது. பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. அட்டையை வரி வரியாக இறக்கிக்கொண்டே உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். “அடுத்த வரி கண்ணுல பட்டா மனசு அங்க ஓடிடும் தம்பி. கதை நல்லா இருந்தா பிழை தெரியாது. அதுக்குத்தான் இது.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேனா நின்றது. ‘அவர்’ என்ற சொல்லின் கடைசியில் ரகர ஒற்று இல்லை. துணைக்காலின் தலையில் புள்ளி வைத்திருக்கிறார்கள். நான் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். காலின் அடியில் ஒரு சிறு வளைவு இல்லை, அவ்வளவுதான். காகிதத்தில் அதனால் குடிமுழுகாது என்று தோன்றலாம். ஆனால் அதே கோப்பு மின்னூலாகப் போனால், அந்தச் சொல்லைத் தேடுகிறவருக்கு அது அகப்படாது. ‘ஔ’ வரவேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் சேர்ந்து நிற்பதும் இப்படித்தான். இரண்டு பக்கத்துக்குள் நான்கைந்து இடங்களைச் சுழித்துவிட்டார்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினான்கு வயதில் அச்சகத்துக்கு வந்தவர். முதல் வேலை, அச்சடித்து முடிந்த பாரத்தைக் கலைத்து, ஈய எழுத்துகளை ‘கேஸ்’ என்கிற எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் திரும்பப் போடுவது. அறை மாறினால் தலையில் குட்டு விழும். பிறகு எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்துக் கம்பாசிட்டர் ஆனார். ஈயத்தில் எழுத்து இடம் வலம் மாறி இருக்கும். அதை அப்படியே சரளமாகப் படிக்கப் பழகிய கண் அவருடையது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து றா, னா, லை, னை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் போனபோது, விரல்களுக்கு எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததாம்.

“கையால கோக்கிறப்ப ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் வலிக்கும். ஒரு எழுத்தாளர் வரிக்கு வரி ஆச்சரியக்குறி போடுவார். பாதிக் கதையில கேஸ்ல குறி தீர்ந்துபோச்சு. முற்றுப்புள்ளி போட்டுக்கட்டுமான்னு ஆள் அனுப்பிக் கேட்டோம். சரின்னுட்டார். புத்தகம் வந்ததும் ‘பின்பாதிதான்யா பிரமாதமா வந்திருக்கு’ன்னு அவரே சொன்னார்.” சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

ஆஃப்செட்டும் கணினியும் வந்தன. ஈயம் எடைக்குப் போனது. கூட வேலை செய்தவர்களில் சிலர் வாட்ச்மேன் ஆனார்கள். இவர் மெய்ப்புக்கு மாறினார்.

அவர் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம்தான் கதை எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டியது. கையில் எடுக்கும் ஒவ்வொரு நாவலுக்கும் அதில் ஒரு பக்கம். பாத்திரத்தின் பெயர், வயது, யாருக்கு என்ன உறவு, எந்தக் கிழமை, எந்த மாதம். நாவலாசிரியர் போட்டிருக்க வேண்டிய பட்டியலை இவர் போடுகிறார். “மூணாம் அத்தியாயத்துல செத்த பெரியப்பா பதினேழுல வந்து காபி கேட்கிறார். அமாவாசை ராத்திரியில காதலர்கள் நிலாவைப் பார்க்கிறாங்க. ஒரு கதையில அந்தப் பொண்ணு பதினாலு மாசமா கர்ப்பமா இருக்கு, பாவம்.” இப்படிப்பட்ட இடங்களில் அவர் சிவப்பு மையைத் தொடுவதில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும். “எழுத்துப்பிழை என்னோட வேலை. கதை அவங்களோடது.”

வாய்விட்டுப் படியுங்கள் என்பது அவருடைய அடுத்த பாடம். அந்தக் காலத்தில் ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார், இன்னொருவர் அச்சுத்தாளில் கண்ணோட்டிக்கொண்டே போவார். படிக்கிறவர் எங்கே திணறுகிறாரோ அங்கே வாக்கியம் நொண்டுகிறது என்று அர்த்தம். பொய்யான உரையாடலும் அப்போதே பல்லிளிக்கும். “அப்பாகிட்ட மகன் ஒண்ணரைப் பக்கம் மூச்சுவிடாம பேசறான். எந்த வீட்டுல தம்பி அப்பா அவ்வளவு நேரம் விடுவார்?”

மூன்றாவதாக, புரூப்பில் கதை எழுதாதீர்கள் என்கிறார். 16 பக்கம் ஒரு பாரம். கடைசி நேரத்தில் ஒரு பத்தியை நுழைத்தால் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் நகர்கின்றன. அவசரத்தில் நுழைத்த பத்தியிலேயே புதுப் பிழைகள் குடியேறுகின்றன. எழுதி முடித்ததைச் சில வாரம் பெட்டியில் பூட்டிவைத்து, பிறகு தாளில் எடுத்து, அட்டை வைத்துப் படித்துத் திருத்தியபின் அனுப்புங்கள் என்கிறார்.

இதெல்லாம் அச்சகச் சமாசாரம், இலக்கியத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் எழுத்தாளர் விந்தனைச் சொல்வேன். விகடன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் அவர். கல்கியின் கண்ணில் பட்டுக் கல்கி இதழின் ஆசிரியர் குழுவுக்குள் வந்தார், ‘பாலும் பாவையும்’ எழுதினார். ஜெயகாந்தனும் இளமையில் அச்சகத்தில் வேலை பார்த்தவர்தான். பிறர் எழுதியதை எழுத்து எழுத்தாகத் தொட்டுப் பார்த்த கைகள் அவர்களுடையவை. அந்த நிதானத்தை எந்தப் பயிலரங்கும் இரண்டு நாளில் தந்துவிடாது.

அப்படிப்பட்ட வேலைக்கு நம் பெரியவருக்குக் கிடைப்பது என்ன? காகிதக் கடைக்கு ரொக்கம் போகிறது, அச்சகத்துக்கு முன்பணம் போகிறது. இவரிடம் மட்டும் “விற்றதும் தருகிறேன்” என்கிறார்கள். போன கண்காட்சிக்குப் பார்த்த நாவலுக்கு இந்தக் கண்காட்சி வந்தும் பணம் வரவில்லை. இதைவிடக் கொடுமை, புதிதாக எழுதுகிறவர்களிடமே பணம் வாங்கிப் புத்தகம் போட்டுக் கொடுக்கும் கூட்டம். ‘எடிட்டிங், புரூப் எல்லாம் சேர்த்து’ என்று கட்டணம் வசூலித்துவிட்டு, வந்த கோப்பை அப்படியே அச்சுக்கு அனுப்புகிறார்கள். முதல் பக்கத்திலேயே ஒற்று இல்லை, உயிர் இல்லை. ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்த நாவலுக்குச் செய்யும் துரோகம் இது. பிழை மலிந்த புத்தகத்தை வாங்கிய வாசகர், அந்த எழுத்தாளரின் அடுத்த நூலைக் கையால்கூடத் தொடமாட்டார். பணம் வாங்கியவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நாவல் எழுதி முடித்துப் பதிப்பாளரிடம் பேசப் போகிறவர்கள், எத்தனை பிரதி, எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். மெய்ப்பு யார் பார்க்கிறார், அவருக்கு எப்போது பணம் என்றும் கேளுங்கள். உரிமைப் பக்கத்தில் அட்டை வரைந்தவர் பெயர் வருகிறது, அச்சகத்தின் பெயர் வருகிறது. மெய்ப்புப் பார்த்தவரின் பெயரையும் போடச் சொல்லுங்கள். பெரியவரின் பெயர் அச்சான ஒரு புத்தகம்கூட அந்த மாடி அறையில் இல்லை.